எலுமிச்சை அளவும் நெல்லிக்காய் அளவும்

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டுச் சர்வரில் ஒரு வத்தக்குழம்பு இரண்டாகிவிட்டது.

மும்பை தேவ்நாரில் எங்களோடு இருக்கும் அம்மாவும் பாளையங்கோட்டையில் இருக்கும் சித்தியும் சேர்ந்து எழுதிவரும் சமையல் குறிப்பு அது. ஒரே கோப்பு, இரண்டு கைப்பேசியிலும் அதன் பிரதி. யார் திருத்தினாலும் சிங்க்திங் என்ற கட்டற்ற மென்பொருள் அந்தத் திருத்தத்தை மற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அன்று பெய்த மழையில் எங்கள் பக்கம் காலையிலிருந்தே நெட் இல்லை. அந்த நேரம் பார்த்து அம்மா, புளி ‘எலுமிச்சை அளவு’ என்று மாற்றினாள். அங்கே சித்தி அதே வரியை ‘நெல்லிக்காய் அளவு’ என்று மாற்றியிருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு நெட் திரும்பி வந்தது. இரண்டு புளியும் சந்தித்துக்கொண்டன.

இப்படிச் சந்திக்கும் இடத்தில்தான் ஒரு மென்பொருளின் குணம் தெரியும். கடைசியாக எழுதியவர் சொன்னதே சரி என்று எடுத்துக்கொண்டு முந்தியதைச் சத்தமில்லாமல் அழித்துவிடுகிற மென்பொருள்கள் உண்டு. சிங்க்திங் அப்படிச் செய்வதில்லை. இரண்டில் எது முன்னால் திருத்தப்பட்டதோ, அதன் பெயரோடு ‘சிங்க்-கான்ஃப்ளிக்ட்’ என்ற வாலைச் சேர்க்கிறது. வாலில் தேதி, நேரம், திருத்திய கருவியின் அடையாளம் எல்லாம் இருக்கும். பிறகு அதைப் பக்கத்திலேயே பத்திரமாக வைத்துவிடுகிறது. இதைவிட நுட்பமான காரியம் அடுத்து வருவது. அப்படி ஒதுக்கிவைத்த பிரதியையும் ஒரு முழுக் கோப்பாகவே மதித்து எல்லாக் கருவிகளுக்கும் அனுப்புகிறது. அன்று இரவு அம்மாவின் போனிலும் இரண்டு வத்தக்குழம்பு, சித்தியின் போனிலும் இரண்டு. எது பிந்தியது என்று அதற்குத் தெரியும். எது ருசியானது என்று தெரியாது. தெரியாத இடத்தில் கைவைக்காமல், தெரிந்தவர்கள் முன்னால் இரண்டையும் வைத்துவிட்டு விலகி நிற்கிறது. நான் பார்த்த வரையில் கணினிக்குள் இவ்வளவு மரியாதை தெரிந்த பொருள் குறைவு.

ஒருவர் கோப்பைத் திருத்துகிறார், அதே நேரத்தில் இன்னொருவர் அதை அழிக்கிறார் என்றால்? பல வருடங்களாக இதற்கு சிங்க்திங் வைத்திருந்த விதி, திருத்தியவருக்கே வெற்றி என்பது. அழித்தவருடைய கருவியிலும் அந்தக் கோப்பு உயிர்பெற்று எழுந்து வந்துவிடும். 2025இல் வந்த 2.0 பதிப்பில் இதை மாற்றினார்கள். இப்போது அழிப்பதும் ஜெயிக்கலாம், ஆனால் அப்போதும் திருத்திய பிரதியை வால் ஒட்டி ஓரமாக வைத்துவிடும். புதிய விதி ஒழுங்கானது, காரணமும் புரிகிறது. என் பிரியம் பழையதன் மேல்தான். அழிக்க நினைத்தவருக்கும் இன்னும் நன்றாக எழுத நினைத்தவருக்கும் இடையில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாமவர் பக்கம் சாய்ந்த விதி அது.

ஸ்வீடன்காரர் யாகோப் போர்க் 2013இல் தொடங்கியது இந்த மென்பொருள். இதற்கு நடுவில் ஒரு நிறுவனக் கணக்கு கிடையாது. கருவிகள் ஒன்றையொன்று நேரடியாக அடையாளம் கண்டு பேசிக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் இதன் அதிகாரப்பூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நின்றது. அதற்கு முன்பே வேறொருவர் பிரித்து வளர்த்துவந்த கிளை இருந்ததால், அம்மாவின் போனில் அதை ஏற்றினேன். அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. வீட்டுச் சர்வரிலிருந்து படம் ஓட்டும் ஜெல்லிஃபின்னும் இப்படிக் கிளையாகப் பிறந்ததுதான். எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் சிலர் அதுவரை திறந்திருந்ததை எடுத்துத் தனியாக வளர்த்தார்கள். எங்கள் வீட்டுப் பழைய படங்கள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன.

சர்வர் என்றதும் பெரிய பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய திங்க்பேட் லேப்டாப் அது. கோவண்டியில் ஏறி, குர்லாவில் மாறி, தாதரில் மறுபடி மாறி, கிராண்ட் ரோடில் இறங்கி லாமிங்டன் ரோடில் வாங்கி வந்தேன். பூஜை அலமாரிக்குப் பக்கத்துத் தட்டில் இருக்கிறது. வந்த புதிதில் அப்பா ராத்திரி எழுந்து பார்த்துவிட்டு, “என்னல இது, விடிய விடிய முழிச்சிக்கிட்டு கெடக்கு?” என்று கேட்டார். கேட்டதற்குக் காரணம் மின்கட்டணம். அளந்து காட்டினேன். சும்மா இருக்கும்போது சுமார் 10 வாட். மாதம் முழுக்க எரிந்தாலும் 7 யூனிட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதன்பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. விபூதி எடுக்கும்போது மூடியின் மேல் சிந்தியதைத் துடைத்துவிடுவார்.

பழைய லேப்டாப்பைச் சர்வராக்குவதில் எனக்குப் பிடித்தது, அது யூபிஎஸ்ஸைத் தன் வயிற்றிலேயே சுமந்துகொண்டு வருவது. கரண்ட் போனால் மின்விசிறி நிற்கும், ஃபிரிட்ஜ் நிற்கும், இது மட்டும் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் எந்நேரமும் நூறு விழுக்காடு சார்ஜில் வைத்திருந்தால் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும், சிலசமயம் உப்பியும் போகும். லினக்ஸில் இதற்கு ஒரு வழி உண்டு. வன்பொருளின் பல அமைப்புகள் அங்கே சாதாரணக் கோப்புகளாகத் தோற்றம் காட்டும். சார்ஜ் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கும் ஒரு கோப்பு. அதற்குள் 60 என்று எழுதிச் சேமித்தேன். வேறொன்றும் இல்லை, ஓர் எண். அந்தக் கணத்திலிருந்து பேட்டரி அறுபதோடு நின்றுகொண்டது. எழுதியதை உலோகம் கேட்டு நடப்பதைப் பார்க்கையில் இன்றைக்கும் மேல் சிலிர்க்கிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் விசிறியைக் கழற்றித் துடைக்கிறேன். வருவது சாம்பல் நிறத் தூசு. எங்களுக்குக் கிழக்கே இருப்பது 1927இலிருந்து இந்த நகரம் குப்பையைக் கொட்டிவரும் மலை. 2016 ஜனவரி கடைசியில் அது பற்றி எரிந்தபோது புகை செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தது, பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அந்த வாரம் ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். வேலை செய்கிற ஒரு பொருளைத் தூக்கிப்போட அதன்பிறகு எனக்கு மனம் வருவதில்லை.

லேப்டாப்பில் ஓடுவது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கியது. காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்தார். பதிப்புகளுக்கெல்லாம் ‘டாய் ஸ்டோரி’ படத்துக் கதாபாத்திரங்களின் பெயர். 2023இல் வந்தது புக்வோர்ம், 2025இல் வந்தது டிரிக்ஸி. எந்த நேரமும் உடையக்கூடிய, வளர்ச்சியில் இருக்கும் பதிப்புக்கு மட்டும் பெயர் மாறுவதே இல்லை. அது என்றென்றும் ‘சிட்’. படத்தில் பொம்மைகளைப் போட்டு உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன் பெயர். பெயரிலேயே எச்சரிக்கையையும் கொஞ்சம் செல்லத்தையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். டெபியனில் ‘ஆப்ட் மூ’ என்று தட்டினால், எழுத்துகளால் வரைந்த ஒரு மாடு எழுந்து நின்று, இன்றைக்கு நீ ‘மா’ என்று கத்தினாயா என்று விசாரிக்கும். பக்ரீத் சமயத்தில் தேவ்நார் ஆட்டுத்தொட்டிக்கு வந்து சேரும் ஆடுகளின் குரல் ராத்திரி எங்கள் ஜன்னல்வரை கேட்கும். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே இந்த மாட்டையும் ஒருதரம் வரவழைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

அன்றாடம் என்னை வியக்க வைப்பது ஆர்சிங்க். ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் 1996இல் வெளியிட்டது. தினமும் இரவு இரண்டு மணிக்கு அது என் கோப்புகளை இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் தேதி போட்ட ஓர் அடைவு. எந்த நாளைத் திறந்தாலும் அன்றைய வீடு முழுசாக இருக்கும், எல்லாப் படமும், எல்லாக் கணக்கும். முப்பது நாளுக்கு முப்பது மடங்கு இடம் பிடிக்க வேண்டுமே என்றால், இல்லை. மாறாத கோப்பை அது மறுபடி எழுதுவதில்லை. ஏற்கெனவே டிஸ்க்கில் இருக்கும் அதே தரவுக்கு இன்னொரு பெயர் மட்டும் வைக்கிறது. வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பள்ளி ரிக்கார்டில் ஒன்று, தாத்தா இட்ட பெயர் ஒன்று என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பதில்லையா, அதுபோலத்தான். இதில் மூலம் என்றும் நகல் என்றும் கிடையாது. எல்லாப் பெயருக்கும் ஒரே உரிமை. ஒரு பெயரை அழித்தால் அந்தப் பெயர்தான் போகும், ஆள் இருப்பார். கடைசிப் பெயரும் போனால்தான் தரவு போகும். இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட அன்று தூக்கம் வரவில்லை.

கட்டற்ற மென்பொருளின் கதை ஒன்று எங்கள் பக்கத்திலும் உண்டு. வீட்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் வி. என். புரவ் மார்க். தேவ்நாரில் அந்தச் சாலையின் மேல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், எல்லாரும் சொல்வது ‘டிஸ்’. அதே சாலையில் மான்கூர்டு பக்கம் போனால் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். இரண்டுக்கும் ஒரே பின்கோடு, 400088. டிஸ், அமெரிக்காவின் எம்.ஐ.டி., டாட்டா டிரஸ்ட்ஸ் மூன்றும் சேர்ந்து ‘கிளிக்ஸ்’ என்ற கல்வித் திட்டத்தை ராஜஸ்தான், சத்தீஸ்கர், தெலங்கானா, மிசோரம் மாநிலங்களின் அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோயின. 2017ஆம் ஆண்டுக்கான யுனெஸ்கோ மன்னர் ஹமத் பரிசு அதற்குக் கிடைத்தது. பாடங்கள் ஓடிய தளமான ஜிஸ்டுடியோ, ஹோமி பாபா மையத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. இந்தியாவில் கட்டற்ற மென்பொருளுக்காக நெடுங்காலம் பேசிவந்த நாகார்ஜுனா ஜி. இருந்த இடம் அது. ஒரே சாலையின் மேல் இருக்கும் இரண்டு வளாகங்கள் சேர்ந்து செய்த காரியத்தை இந்தப் பக்கத்தில் பலர் அறியாமலேயே பஸ் ஏறிப் போகிறோம்.

பள்ளியில் இணையம் கிடைக்கும் என்று நம்பாமல் கட்டியது அந்தத் தளம். பள்ளிக்குள்ளேயே ஒரு சர்வர் இருக்கும், ஆய்வகக் கணினிகள் அதோடுதான் பேசும். என் வீட்டு ஏற்பாடும் அதேதான், அங்கே அறை பெரிது, ஆள் அதிகம். அதில் என்னைப் பிடித்துக்கொண்டது ‘படி’ என்ற சின்ன வசதி. ஆங்கிலத்தில் தோழனைக் குறிக்கும் சொல், தமிழ்க் காதுக்குப் படிக்கச் சொல்வதுபோல விழுகிறது. அரசுப் பள்ளியில் ஒரு கணினிக்கு ஒரு பிள்ளை என்பது நடக்காது. ஒரு பெஞ்சில் இரண்டு பேர், மூன்று பேர். உலகத்தில் உள்ள மென்பொருளெல்லாம் திரைக்கு முன்னால் ஒரே ஆள்தான் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேர் கேட்கும், கடவுச்சொல் கேட்கும். பக்கத்தில் இருக்கும் பெண்ணைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இந்தத் தளத்திலோ ஒருவர் உள்ளே நுழைந்தபின் கூட உட்கார்ந்திருப்பவர்களையும் தோழர்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். செய்த வேலை எல்லார் பேரிலும் பதிவாகும். மவுஸ் யார் கையில் இருந்தது என்று கணக்குப் பார்ப்பதில்லை.

இதை எழுதியவர்கள் ஒரு வகுப்பறையின் பின்னால் நின்று நெடுநேரம் பார்த்திருக்க வேண்டும். இந்த ஏற்பாடு அங்கே பார்த்த பார்வையிலிருந்துதான் வந்திருக்கும். சேர்ந்து கற்பது, தவறிலிருந்து கற்பது, நிஜ வாழ்க்கையோடு ஒட்டிக் கற்பது மூன்றையும் தங்கள் தூண்களாக அந்தத் திட்டம் சொல்லிக்கொண்டது. சொன்னதில் ஒரு தூண், உள்ளே நுழையும் பக்கத்திலேயே நட்டிருப்பது தெரிகிறது. நாற்கரங்களின் பண்புகளைக் கற்க ‘போலீஸ் குவாட்’ என்று ஒரு விளையாட்டும் அதில் உண்டு. கணக்குப் பாடத்துக்குள் போலீஸை வரவழைத்த அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

விளையாட்டு என்றதும் சோனிக்கின் அருவிக்கு வந்தாக வேண்டும். எனக்குப் பத்து வயதில் மாமா துபாயிலிருந்து ஒரு செகா மெகா டிரைவ் கொண்டுவந்தார். அதில் 1991இல் வந்த ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’. முதல் நிலையிலேயே அருவிகள் கொட்டும், தண்ணீர் வழியே பின்னால் இருக்கும் பாறை மங்கலாகத் தெரியும். பல வருடம் கழித்து அதே விளையாட்டைப் புதிய திரையில் ஓட்டியபோது அருவி இல்லை, சீப்பின் பற்கள்போலச் செங்குத்துக் கோடுகள்தான் இருந்தன. மெகா டிரைவுக்கு ஒன்றன்மேல் ஒன்றை ஊடுருவிக் காட்டத் தெரியாது. அதனால் வரைந்தவர்கள் ஒரு கோடு விட்டு ஒரு கோடாகத் தண்ணீரை வரைந்தார்கள். அந்தக் காலத்து டி.வி. ஒயரில் போகும்போது பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றோடொன்று கரையும். கோடு கரைந்து தண்ணீராகும். டி.வி.யின் குறையையே தூரிகையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய விளையாட்டுகளை ஓட்டும் ரெட்ரோஆர்க் என்ற கட்டற்ற மென்பொருளில் அந்தப் பழைய கலங்கலை மறுபடி உண்டாக்கும் வடிகட்டிகள் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பாறை திரும்பி வந்தது.

அதே ரெட்ரோஆர்க்கில் 2018இல் சேர்ந்த ‘ரன்-அஹெட்’ இன்னும் நுட்பம். பழைய விளையாட்டுகள் பலவற்றில் பொத்தானை அழுத்தினால் ஒன்றிரண்டு சட்டகம் கழித்துத்தான் ஆள் குதிப்பான், அது அந்த விளையாட்டின் நிரலிலேயே இருக்கும் தாமதம். புதிய திரையின் தாமதமும் அதோடு சேரும்போது விரல் ஏமாந்துபோகும். இந்த வசதி ஒவ்வொரு சட்டகத்திலும் விளையாட்டைக் கொஞ்சம் எதிர்காலத்துக்கு ஓட்டிப் பார்த்து, அங்கே நடப்பதை இங்கே காட்டிவிட்டு, சுவடு தெரியாமல் திரும்பி வந்துவிடும். ஒரு சட்டகம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு. அதற்குள் இத்தனை போக்குவரத்து. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விரலுக்கு மட்டும் தெரியும்.

விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் பற்றி ஒரு சொல் போதும். 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் அதை வெளியிட்டது. அதன் முக்கிய உறுப்பான டி.எக்ஸ்.வி.கே.யை எழுதத் தொடங்கியவர் ஃபிலிப் ரெபோலே. தொடங்கிய காரணம், ‘நியர்: ஆட்டோமேட்டா’ என்ற விளையாட்டைத் தன் லினக்ஸ் கணினியில் ஆட ஆசைப்பட்டது. அந்த ஓர் ஆசையின் மேல் ஏறித்தான் ‘வெண்பா’ எங்கள் வீட்டுக்குள் வந்தது.

2023 ஜூலையில் வெளிவந்த விளையாட்டு அது. டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்தது, மறு வருடம் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது பெற்றது. எண்பதுகளின் கடைசியில் கனடா போன ஒரு தமிழ்க் குடும்பம், வெண்பா, பாவலன், மகன் கவின். தன் தாயின் சமையல் நோட்டை வெண்பா கொண்டுவந்திருக்கிறாள், பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் இருக்கின்றன. அழிந்த இடத்தை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். பின்னால் வளர்ந்த கவின் அதே நோட்டைத் திறக்கிறான். அவனுக்குத் தமிழ் வாசிப்பு அரைகுறை. அதனால் நமக்குக் காட்டும் மொழிபெயர்ப்பும் அரைகுறையாகவே வருகிறது. ஒரு தலைமுறையில் தாய்மொழி எவ்வளவு தேய்ந்தது என்பதை அந்த ஓட்டை விழுந்த வாக்கியங்களே சொல்லிவிடுகின்றன. கையாளும் முறையிலேயே கதையை வைப்பது இந்தக் கலைக்கு மட்டும் வாய்த்த வித்தை. அதைத் தமிழ் வீட்டு அடுப்படியில் வைத்துச் செய்து காட்டினார்கள்.

தமிழ் எழுத்து கணினிக்கு எளிதான பண்டமல்ல. ‘கோ’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சேமிக்கும்போது ககரம், அடுத்து ஓகாரக் குறி, இரண்டே இரண்டு. காட்டும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். ஃபயர்பாக்ஸிலும் குரோமிலும் லிப்ரே ஆபீஸிலும் இதைச் செய்துவைப்பது ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நூலகம். நாம் எல்லாரும் நாள் முழுக்க அதன் கையால் வாசிக்கிறோம். ஆனால் சர்வருக்குள் நான் வேலை செய்யும் கறுப்புத் திரைக்கு இன்னும் அந்தப் பாக்கியம் வரவில்லை. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று பிறந்த திரை அது. அங்கே நம் எழுத்து கட்டத்துக்குள் அடங்காமல் சிதறும். இதை யாராவது சரியாகச் செய்தால் முதல் ஆளாகப் போய்க் கைகொடுப்பேன்.

வெண்பாவை நான் ஆடிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பின்னால் வந்து நின்றாள். திரையில் இட்லிக் கட்டம், தட்டுகளை எந்த வாக்கில் அடுக்குவது என்பதுதான் புதிர். “ஒண்ணுக்கு நேரா ஒண்ணு வைக்காதல, ஆவி எப்படி ஏறும்?” என்றாள். மாற்றி வைத்தேன். சரியாக வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அந்தப் புள்ளைகிட்ட அவ அம்மா நோட்டு அந்த ஒண்ணுதான் இருந்துச்சா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மறுநாள் காலையில் சர்வரில் பார்த்தேன். ஆடி மாதத்திலிருந்து வாலோடு கிடந்த கோப்பு பெயர் மாறியிருந்தது. அதன் ஜோடியும் மாறியிருந்தது. ஒன்று ‘வத்தக்குழம்பு தேவ்நார்’, மற்றது ‘வத்தக்குழம்பு பாளையங்கோட்டை’. கறுப்புத் திரையில் பாளையங்கோட்டையின் ‘கோ’ உடைந்துதான் தெரிந்தது.